சிவகாமி எடுத்த சபதமும் கட்டிக்கொண்ட தாலியும்

கல்கியின் “சிவகாமியின் சபத”த்தைப் படித்த பொத்தேரிப் பக்கத்து வாலிபர்களும் பெண்களும், ஆயனச் சிற்பியின் மகளைப் போல் வீரமுள்ள பெண் வேறு எக்கதையிலுண்டு என்று மெச்சிக்கொள்ளுகின்றார்கள். 1944 முதல் 1946 வரை வாரந்தோறும் வந்த கதை. நாகநந்தி பிக்ஷு யாரென்னும் மர்மத்திற்காகவே தூக்கங்கெட்டவர்கள் உண்டு. மாமல்லபுரம் போனால் சிற்பத்தைப் பாராமல் சிவகாமியைத் தேடுகின்றவர்களும் உண்டு. இருக்கட்டும்.

அந்த வீரம் கடைசியில் எங்கே போய் நின்றது என்பதே நமது கேள்வி. வாதாபியை எரித்து மீட்டாலொழிய வரமாட்டேன் என்று அவள் காத்துக் கிடந்தாள். மாமல்லனோ அதற்குள் பாண்டியன் மகளுக்கு மாலையிட்டுப் பிள்ளைகளும் பெற்றாய்விட்டது! அவனுக்குப் பட்டமகிஷி, இவளுக்கு ஏகாம்பரநாதர் பேரால் தாலி. இதைத் தெய்வீகக் காதலென்று சொல்லிக் கண்ணீர் விடுகின்றார்கள். பெண்களைச் சாமிக்குப் பொட்டுக்கட்டுவது குற்றமென்று, கதை முடிந்த மறு வருஷமே, 1947-ல், சென்னை மாகாணத்தில் சட்டம் வந்ததே, அது எதற்காகவாம்? ஆண் கைவிட்டால் கல்லைக் கட்டிக்கொள் என்பதற்குப் பெயர் வீரமா?

தாசிக் குலத்தில் வளர்ந்து அக்கொடுமையை நேரில் கண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், 1936-லேயே “தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்” என்னும் நாவலை எழுதினார். அதிலும் சூழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அதில் வரும் பெண்கள் பொட்டை வெறுத்து எதிர்த்து நிற்கின்றார்கள். சிவகாமிக்காக அழுகின்ற தோழர்களில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்திருக்கின்றார்கள்?