சோறு போடுறது யாரு?

வடக்கே பொட்டி தட்ட வந்த நம்மாளுங்க எல்லாருக்கும் பரிச்சயமான வாக்கியம் ஒண்ணு இருக்கு. மே, ஜூன்ல ஒவ்வொரு லாங் வீக்கெண்டுக்கு அப்புறமும் குர்காவ் ஆபீஸ் கேன்டீன்கள்ல கேட்கும். "அந்த மலைக்காரங்களுக்குச் சோறு போடுறதே நாமதான். அதுக்கே இவ்வளவு திமிரு." மேகிக்கு 80 ரூபாய் வாங்கிட்டானாம். பார்க்கிங்குக்கு 300 கேட்டானாம். காரைச் சும்மா ரோட்டோரமா நிறுத்தினதுக்கு ஒரு பெரியம்மா வந்து கத்தினாங்களாம்.

பதினோரு வருஷமா இதைக் கேட்டுக்கிட்டிருக்கேன். இது பொய். வெறும் திமிர்ப் பேச்சுன்னு சொல்லலை, கணக்கே தப்பு.

சிம்லாவை எடுத்துக்குவோம். 2011 கணக்கெடுப்புல 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் இருந்த ஊர். ஊர் மலை முகட்டுல, தண்ணி கீழே பள்ளத்துல. கும்மா, கிரி மாதிரி இடங்கள்லேர்ந்து பம்பு வெச்சு மேலே ஏத்தினாத்தான் குழாய்ல வரும். 2018 மே கடைசியில அதுவும் நின்னுபோச்சு. முந்தின குளிர்காலத்துல பனி சரியா விழலை, ஊத்தெல்லாம் வத்திடுச்சு. சில பகுதிகள்ல ஒரு வாரத்துக்கு மேல சொட்டுத் தண்ணி இல்லை. ஜனங்க குடத்தோட, பக்கெட்டோட மறியல் பண்ணினாங்க. ஹைகோர்ட்டே தலையிட்டு, ஒரு வாரத்துக்குக் கட்டட வேலை கூடாது, கார் கழுவக் கூடாது, மந்திரி வீடா இருந்தாலும் நீதிபதி வீடா இருந்தாலும் தனியா டாங்கர் போகக் கூடாதுன்னு உத்தரவு போட்டது. ஜூன் முதல் வாரத்துல நடக்க இருந்த கோடை விழாவைத் தள்ளி வெச்சாங்க. அரசுப் பள்ளிக்கூடங்களை அஞ்சு நாள் மூடினாங்க.

அந்த வாரம் சிம்லாக்காரங்க வாட்ஸப்புலயும் ஃபேஸ்புக்குலயும் நம்மகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: தயவு செஞ்சு இப்போ வராதீங்க.

யோசிச்சுப் பாருங்க மக்களே. பீக் சீஸன். வருஷத்துல நாலு காசு பார்க்கிற ரெண்டு மாசம். சோறு போடுறவனைப் பார்த்து எவனாவது வராதேன்னு சொல்வானா? சொன்னாங்கன்னா, ஒண்ணு அவங்களுக்குப் பைத்தியமா இருக்கணும். இல்லைன்னா, நாம போடுற சோறு அவங்க தட்டுக்கு வரலைன்னு அர்த்தம்.

வரலைதான். சிம்லா மாவட்டத்துல பெரும்பாலான கிராமங்களுக்குச் சோறு போடுறது ஆப்பிள். கோட்கட், கோட்காய், ஜுப்பல், ரோஹ்ரு எல்லாம் நூறு வருஷமா ஆப்பிள்ல வளர்ந்த ஊருங்க. ஊருக்குள்ள இருக்கிறவங்கள்ல நிறையப் பேருக்கு ஏதோ ஒரு அரசாங்க உத்தியோகம், அது தலைநகரம் ஆச்சே. ஹிமாச்சல் அரசாங்கமே சொல்ற கணக்குல மாநில வருமானத்துல சுற்றுலாவோட பங்கு 7, 8 சதவீதம்தான். மிச்சத்தை யாரு போடுறாங்களாம், நம்ம கேன்டீன்காரங்களா?

அந்த 7, 8 சதவீதமும் எங்கே போகுதுன்னு பாருங்க. ஹிமாச்சல்ல 1972 நிலச் சட்டத்தோட 118-வது பிரிவுப்படி, அங்கே விவசாயியா இல்லாத ஒருத்தர் அரசாங்க அனுமதி இல்லாம நிலம் வாங்க முடியாது. நல்ல சட்டம். ஆனா லீஸுக்கு எடுக்கலாமே? மணாலியிலயும் கசோல்லயும் எத்தனை ஹோட்டல் டெல்லி, சண்டிகர் ஆளுங்க கையில லீஸ்ல ஓடுதுன்னு அங்கே எந்த டீக்கடையில கேட்டாலும் சொல்வாங்க. அறைக்கு நாம கட்டுற காசுல ஆன்லைன் புக்கிங் கம்பெனி முதல்ல கமிஷனை எடுத்துக்கும். மிச்சம் லீஸ்காரருக்கு. பாத்திரம் கழுவுற பையன் பெரும்பாலும் பீகார், இல்லைன்னா நேபாளம். டெல்லிக்காரர் காசு டெல்லிக்காரர் கைக்கே போகுது, நடுவுல மலை ஒரு பின்னணிப் படம் மாதிரி நிக்குது. அதுக்கு மேல ஊருக்கு மிஞ்சுறது குப்பையும் டிராஃபிக்கும்.

"தண்ணிப் பிரச்சினை கார்ப்பரேஷன் தப்பு, டூரிஸ்ட் என்ன பண்ணுவான்?" இதையும் கேட்டாச்சு. கார்ப்பரேஷன் தப்புதான், யாரு இல்லைன்னா? 2015 கடைசியில அஷ்வனி ஓடையில சுத்திகரிப்பு நிலையத்துக் கழிவு கலந்து சிம்லா முழுக்க மஞ்சக்காமாலை பரவி உயிரே போச்சு. அந்த ஓடைத் தண்ணியை நிறுத்த வேண்டியதாச்சு. அந்தக் குறையும் சேர்ந்துதான் 2018. ஆனா கார்ப்பரேஷன் தப்பு பண்ணினா அது யார் தலையில விடியுதுங்கிறதுதான் என் கேள்வி. ஹோட்டல்காரர் காசு கொடுத்துத் தனியார் டாங்கர் வரவழைப்பார், அறை எண் 204-ல கீசர் ஓடும். அடுத்த தெருவுல ரெண்டு ரூம் வீட்டுல இருக்கிற கிளார்க்கு என்ன பண்ணுவார்? நாம திங்கட்கிழமை ஆபீஸ்ல இருப்போம். அவர் வரிசையில இருப்பார்.

இப்போ அந்த டாக்ஸிக்காரருக்கு வருவோம், எல்லார் வாயிலயும் விழுறவர் அவர்தானே. யூனியன் வெச்சுக்கிட்டு ரேட் போர்டு மாட்டி, மீட்டர்னா என்னன்னே தெரியாத மாதிரி பேசுறார். வெளியூர் வண்டியை மறிக்கிற யூனியன்களும் உண்டு. அது ரவுடித்தனம், அதுக்கு நான் வக்காலத்து வாங்கலை. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? மொத்த வியாபாரத்துல நாம முகம் பார்த்துப் பேசுற ஒரே உள்ளூர்க்காரர் அவர்தான். லீஸ்காரரைப் பார்த்ததில்லை, புக்கிங் கம்பெனிக்கு முகமே கிடையாது. அதனால ஆத்திரம் எல்லாம் அவர் மேல. அரசாங்கமும் அப்படித்தான். 2025 ஏப்ரல் 29-லேர்ந்து ஹிமாச்சல்ல வண்டிக்குள்ள குப்பைத்தொட்டி கட்டாயம்னு விதி, இல்லைன்னா 10 ஆயிரம் அபராதம். யாருக்கு? பஸ், டாக்ஸி மாதிரி வாடகை வண்டிங்களுக்கு. சொந்தக் கார்ல சிப்ஸ் பாக்கெட்டோட வர்ற எச்.ஆர். 26 நம்பர் பிளேட்டுக்கு அந்தத் தொட்டி வேண்டாமாம்!

இன்னும் மேலே போனா லாஹௌல். ரோதாங் கணவாய்க்கு ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான்னு பசுமைத் தீர்ப்பாயம் கட்டுப்பாடு போட்டுச்சு. 2020 அக்டோபர்ல 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் திறந்ததும் பர்மிட்டே இல்லாம அந்தப் பக்கம் போயிடலாம். அந்தப் பக்கம் இருக்கிற லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தோட மொத்த ஜனத்தொகை 2011-ல 31 ஆயிரத்துச் சொச்சம். நம்ம ஆபீஸ் இருக்கிற டவர்களை மட்டும் எண்ணினா அதைத் தாண்டும். 2023 டிசம்பர்ல அங்கே டிராஃபிக்ல நிக்கப் பொறுமையில்லாம ஒருத்தர் ஜீப்பைச் சந்திரா ஆத்துக்குள்ளயே இறக்கி ஓட்டினார், போலீஸ் அபராதம் போட்டது, வீடியோ நாடு முழுக்கச் சுத்துச்சு. அதே வருஷம் ஜூலை வெள்ளத்துல சந்திரதால் ஏரிகிட்ட சிக்கின நூத்துக்கணக்கான டூரிஸ்டுகளை மீட்க ரோட்டுப் பனியை வெட்டினவங்கள்ல அந்த மாவட்டத்து ஊர்க்காரங்களும் இருந்தாங்க. அந்த வீடியோ இந்த அளவுக்குச் சுத்தலை.

இப்ப ஒரு பேஷன். மணாலி "கெட்டுப்போச்சு"ன்னு சொல்லிட்டு ஜீபி, தீர்த்தன்னு கிளம்புறாங்க. கெடுத்தது யாருன்னு கேட்டா மீட்டிங் ஞாபகம் வந்துடும் :-)

இவ்வளவும் வடக்கத்தியான் சமாசாரம்னு நம்ம ஊர் ஆளுங்க சந்தோஷப்பட வேண்டாம். எனக்குச் சொந்த ஊர் மேட்டுப்பாளையம் பக்கம். ஊட்டிக்குப் போற வண்டிங்க நிறைய எங்க ஊர் வழியாத்தான் போகும். மே மாசம் குன்னூர், கோத்தகிரியிலேர்ந்து கோயமுத்தூருக்கு சீரியஸ் கேஸ் கொண்டு வர்ற ஆம்புலன்ஸ், சைரனைப் போட்டுக்கிட்டு நகராம நிக்கிறதைச் சின்ன வயசுலேர்ந்து பார்த்திருக்கேன். 2024 மே 7-லேர்ந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ்னு சென்னை ஹைகோர்ட் சொன்னதும் நம்மாளுங்க பேசினது என்ன? "நாங்க வராம இவங்க என்ன சாப்பிடுவாங்க?" அச்சு அசல் அதே வாக்கியம், தமிழ்ல. சீஸனுக்கு ஊட்டிக்கு வார நாள்ல 6 ஆயிரம் வண்டி, வார இறுதியில 8 ஆயிரம், கொடைக்கானலுக்கு 4 ஆயிரம், 6 ஆயிரம்னு 2025 ஏப்ரல்ல வரம்பு வந்தப்போ நீலகிரி வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினாங்க. பார்த்தியா, உள்ளூர்க்காரனே எதிர்க்கிறான்னு ஊர்லேர்ந்து ஒரு மச்சான் போன் பண்ணினார்.

மச்சான், கடை வெச்சிருக்கிறவர் உள்ளூர்க்காரர்தான். அவர் பயமும் நியாயமானதுதான், சீஸனுக்குன்னு கடன் வாங்கிச் சரக்கு போட்டிருப்பார். ஆனா தேயிலை பறிச்சிட்டு சாயங்காலம் பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம் நிக்கிற அம்மாவும் உள்ளூர்க்காரர்தான். அந்த ஆம்புலன்ஸுல படுத்திருந்தவரும்தான். கடையடைப்பு பண்ண அவங்ககிட்ட கடை இல்லை. 6 ஆயிரமா 8 ஆயிரமாங்கிற பஞ்சாயத்துல அவங்களை யாராவது கூப்பிட்டுக் கேட்டாங்களா? கேட்டிருந்தா சொல்லுங்க, நான் வாயை மூடிக்கிறேன்.