அச்சுக்குப் போகும் முன் யாரிடம் காட்டினீர்கள்?

ஒரு பழைய கொலையைப் பற்றி எழுதும் நூலின் அரசியல் ஆய்வு நடக்கும் ஆண்டுகளில் முழுதாக முடிவாவதில்லை. அச்சுக்குப் போவதற்கு முந்தைய பதினைந்து இருபது நாள் பரபரப்பில்தான் பாதி முடிவாகிறது. எந்தச் சொல் இருக்கும், எந்தப் படம் அட்டைக்கு வரும், எந்தப் பக்கத்தை வெட்டுவது என்பதெல்லாம் தூக்கமில்லாத அந்த நாட்களில்தான் தீர்மானிக்கப்படுகிறது.

கீழ்வெண்மணியைப் பற்றி நூல் எழுதிய தோழர் ஒருவருக்கு மெய்ப்புப் பார்க்கவும் ஆவணங்களைச் சரிபார்க்கவும் நாங்கள் நால்வர் கூட இருந்தோம். சென்னைப் புத்தகக் காட்சிக்குள் நூல் வந்தாக வேண்டும் என்று பதிப்பகம் நெருக்கியது. ஒரு பக்கம் வழக்கறிஞர், ஒரு பக்கம் வடிவமைப்பாளர், நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் பிடிஎப் கோப்புகள். அந்த நாட்களில் எழுந்த கேள்விகளை இங்கே பேச விரும்புகிறோம். நாளை உங்களில் பலர் இப்படியொரு நூலை எழுதப் போகிறீர்கள்.

நடந்தது நமக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையில், கூலி உயர்வு கேட்டுச் செங்கொடியின் கீழ் திரண்ட சேரி மக்கள் தாக்கப்பட்டார்கள். உயிர் தப்ப ராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விசாரணை நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட மிராசுதார்களுக்குச் சிறைத்தண்டனை கொடுத்தது. உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் அளவுக்கு வசதி படைத்தவர்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது.

முதல் சண்டை வினைச்சொல்லில் வந்தது. தண்டனையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள், இறந்தவர் மீதான அவதூறும் சட்டப்படி குற்றமாகலாம் என்று வழக்கறிஞர் எச்சரித்தார். அவர் சொன்னது சரிதான். உடனே ஒரு திருத்தம் வந்தது: ‘குடிசை தீப்பற்றி எரிந்தது.’ இந்த ஒரு வரியில் கொலை விபத்தாகிவிடுகிறது. அந்த நாளில் சில செய்தித்தாள்கள் இதை விவசாயிகளுக்குள் நடந்த மோதல் என்று எழுதியதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டுமென்றால் அதற்கு நேர்மையான வழி இருக்கிறது. யார் மீது குற்றம் சாட்டப்பட்டது, எந்த நீதிமன்றம் தண்டித்தது, எந்த நீதிமன்றம் என்ன காரணம் சொல்லி விடுவித்தது என்று வரிசையாக எழுதுங்கள். தீர்ப்பு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது சண்டை, செத்தவர்களை என்ன சொல்லி அழைப்பது என்பது. பின்னட்டையில் இடம் குறைவு. ‘விவசாயத் தொழிலாளர்கள்’ என்று மட்டும் போட்டால் போதும் என்றார் ஒருவர். ‘தலித்துகள்’ என்று மட்டும் போடலாம் என்றார் இன்னொருவர். இரண்டும் தனித்தனியே அரை உண்மை. அவர்கள் கேட்டது கூலி, எரிந்தது சேரி. சாதியை நீக்கினால், ஏன் அந்தத் தெருவுக்குள் மட்டும் தீ வந்தது என்பது புரியாது. சங்கத்தை நீக்கினால், அவர்கள் நிமிர்ந்து நின்று போராடியவர்கள் என்பது மறைந்து, வெறும் பலியாட்களாகிவிடுவார்கள். பின்னட்டையில் இரண்டு வரி கூடினால் கூடட்டும்.

மூன்றாவது, யாருடைய மனதுக்குள் புகுந்து கதை சொல்வது என்பது. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ நாவலுக்கு 1977இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மிராசுதாரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணமாக்கியதற்காக அந்த நாவல் இன்றும் விமர்சிக்கப்படுகிறது. குற்றக் கதை விரும்பும் சந்தைக்கு இப்படியொரு வக்கிர மனிதர் வேண்டும். நிலவுடைமையும் சாதியும் கொலை செய்தன என்றால் விறுவிறுப்பு போதவில்லையாம்! ‘நாயுடுவைப் பற்றித் தனி அத்தியாயம் வைக்க முடியுமா, 1980இல் அவர் கொல்லப்பட்டதிலிருந்தே நூலைத் தொடங்கலாமே’ என்று கேட்டார்கள். தோழர் மறுத்துவிட்டார். அது நூலில் அதற்குரிய இடத்தில் வருகிறது. அதே இரவில் மிராசுதார்கள் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்டதும், அந்த வழக்கில் தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டதும் வருகிறது. நமக்குச் சங்கடமான உண்மையை நாமே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் அதை வைத்தே மொத்த நூலையும் பொய்யென்பார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி கடைசியில் வந்தது. அட்டைக்குக் கருகிய உடல்களின் படம் வேண்டும் என்றார்கள். அந்தப் படத்தில் இருப்பவர் யாரோ ஒருவரின் அத்தை, யாரோ ஒருவரின் தங்கை. அவர்களின் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. பேட்டி எடுக்கும்போது அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். அச்சுக்குப் போகும்போது அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க மட்டும் ஏன் நேரமில்லை? வழக்கறிஞர் படித்தாயிற்று, முன்னுரை எழுதும் பேராசிரியர் படித்தாயிற்று. சாட்சி சொன்னவர்கள் மட்டும் படிக்கவில்லை என்றால் அந்த நூல் யாருடையது?

ஆகவே எங்கள் கருத்து இதுதான், தோழர்களே. மேலவளவோ வெண்மணியோ, எதை எழுதினாலும், கடைசி மெய்ப்பை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போங்கள். அவர்கள் சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். மறுத்தால் மாற்றுங்கள். எந்தப் பெயரைப் போடலாம், எந்தப் படத்தைப் போடக்கூடாது என்பதில் அவர்கள் சொல்வதே கடைசிச் சொல்லாக இருக்கட்டும். இதற்கு ஒரு வாரம் கூடுதலாகும், நூல் விற்பனைத் தேதியைத் தவறவிடும். எங்கள் தோழரின் நூலும் தவறவிட்டது. பரவாயில்லை. நீதிமன்றத்தில் தங்கள் சொல் நம்பப்படாததைப் பார்த்த மக்கள் அவர்கள். நம் நூலிலாவது அவர்கள் சொன்னது சொன்னபடி இருக்கட்டும்.