ஒரு சைக்கிளில மூண்டு சைக்கிள்

போன கிழமை என்னோட வேலை செய்யிற தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணை, சைக்கிள் ஒண்டு வாங்கப்போறன். வேலைக்கும் போகவேணும், ஞாயிற்றுக்கிழமையில காட்டுப் பக்கமும் போகவேணும், பிள்ளையையும் ஏத்தவேணும். மூண்டு சைக்கிள் வைக்க வீட்டில இடமில்லை. எதை வாங்க?"

ஈஸ்ட்ஹாமில வாடகை வீடு எண்டால் என்னெண்டு உங்களுக்குத் தெரியும். நடையில ஒரு சைக்கிள் நிண்டாலே வாற ஆக்கள் பக்கவாட்டிலதான் நுழையவேணும். நான் சொன்ன பதில், சைக்ளோகுறொஸ்.

பார்வைக்கு றேஸ் சைக்கிள் போலத்தான், ஹாண்டில் கீழ வளைஞ்சிருக்கும். ஆனால் ரயர் கொஞ்சம் மொத்தம். ரயருக்கும் சட்டத்துக்கும் நடுவில சேறு அடையாமல் இருக்க இடைவெளி விட்டிருப்பினம். கியரும் றேஸ் சைக்கிளைவிட இலகு. சேத்துக்கையும் புல்லுக்கையும் ஓடி, ஓடேலாத இடத்தில சைக்கிளைத் தோளில தூக்கிக்கொண்டு ஓடுற போட்டிக்காகச் செய்தது. இந்தப் போட்டியின்ர முதல் உலகச் சம்பியன்சிப் 1950 இல பாரிசில நடந்தது. சைக்கிளை உழக்க ஏலாமல் உருட்டுறதும் தூக்கிறதும் எங்கட ஆக்களுக்குப் புதுசில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவை எல்லாருக்கும் அது தெரியும்.

சரி, ஈஸ்ட்ஹாமுக்கு ஏன் இது பொருந்தும்? பார்க்கிங் றோட்டில பஸ்சுக்குப் பக்கத்தில போகக் கொஞ்சம் வேகம் வேணும். மொத்த ரயர் போட்ட மவுண்டன் சைக்கிள் தார் றோட்டில இழுபடும். அங்கயிருந்து திரும்பினால் கிறீன்வே. 1860களில பசல்ஜெற் எண்ட பொறியியலாளர் கட்டின பெரிய கழிவுநீர்க் குழாய்க்கு மேல போற பாதை அது. பெக்டனில இருந்து ஒலிம்பிக் பார்க் பக்கம் வரைக்கும் கார் இல்லாமல் போகலாம். வடக்க போனால் வான்ஸ்டெட் பிளாட்ஸ். அதுக்கு மேல எப்பிங் காடு. மழை பெய்தால் அங்க களிமண். மெல்லிய றேஸ் ரயர் புதையும். 32, 33 மில்லிமீற்றர் ரயர் ரெண்டு இடத்துக்கும் சமாளிக்கும். காட்டுக்குள்ள சில இடங்களில சைக்கிள் விடமாட்டினம், பலகையைப் பார்த்துப் போங்கோ.

இப்ப கவனிக்கவேண்டிய விசயம். சுத்தப் போட்டிச் சைக்கிளை வாங்கிப்போடாதேங்கோ. அதில கரியர் பூட்டவும் மட்காட் பூட்டவும் ஓட்டை இருக்காது. வாங்க முதல் பின்பக்கம் குனிஞ்சு பாருங்கோ, ஓட்டை இல்லாட்டி விட்டிட்டு வாங்கோ. சட்டம் அலுமினியம் அல்லது இரும்பாய் இருக்கட்டும். காபன் சட்டத்தில பிள்ளைச் சீற் பூட்டக்கூடாது எண்டுதான் பெரும்பாலும் செய்யிறவையே சொல்லுவினம். டிஸ்க் பிறேக் இருந்தால் மழைக்கு நல்லது. இப்ப எல்லாரும் கிறவல் சைக்கிளுக்குப் பின்னால ஓடுகினம். அதின்ர ரயர் இன்னும் மொத்தம், உண்மையில குடும்பத்துக்கு அது இன்னும் சுகம். காசு இருந்தால் வாங்குங்கோ. ஆனால் பழைய சைக்ளோகுறொஸை ஆரும் மலிவாய் விற்றால் விடாதேங்கோ.

ஊரில முன்பாரில ஒண்டு, கரியரில ரெண்டு எண்டு டபிள் போன கதையை இஞ்ச செய்யேலாது. அதுக்கெண்டு ஆயத்தம் செய்யாத சைக்கிளில ஆளை ஏத்திறது 1988 ஆம் ஆண்டு வீதிச் சட்டப்படி குற்றம். பிள்ளைக்குச் சீற் பூட்டவேணும். பின் சீற் பொதுவாய் 9 இல இருந்து 22 கிலோ வரைக்கும். வளைஞ்ச ஹாண்டிலோட பிள்ளையை ஏத்தினால் முதல் ரெண்டு நாள் ஆடும், பொய் சொல்லேல்லை. ஹைஸ்றீற்றில 10 கிலோ அரிசி மூட்டை வாங்கிச் சீற்றில கட்டி ஓடிப் பழகிப்போட்டு, பிறகு பிள்ளையை ஏத்துங்கோ.

காசுக் கதைக்கு வாறன். இதிலதான் எனக்குக் கோவம். 1999 இல இருந்து அரசாங்கத்தின்ர 'சைக்கிள் ரு வேர்க்' எண்ட திட்டம் இருக்கு. வரி கழிக்க முதல் சம்பளத்தில இருந்து சைக்கிளுக்குக் காசு வெட்டுவினம், வரி மிச்சம். ஆனால் வெட்டினாப் பிறகு சம்பளம் சட்டம் சொல்லுற ஆகக்குறைஞ்ச கூலிக்குக் கீழ போகக்கூடாது. அப்ப பெற்றோல் செற்றிலயும் கடையிலயும் அந்தக் கூலிக்கு நிக்கிற எங்கட பொடியளுக்கு இது இல்லை. 40 வீதம் வரி கட்டுற ஆள்தான் கூட லாபம் எடுக்கிறார். பஸ் காசை மிச்சம் பிடிக்கச் சைக்கிள் தேடுறவன் முழுக்காசும் குடுக்கவேணும். தம்பியும் அந்தக் கூலிதான். அகதி விண்ணப்பம் போட்டு வேலை செய்ய அனுமதி இல்லாமல் இருக்கிறவையின்ர பாடு சொல்லத் தேவையில்லை. அவைக்கு எண்டு பழைய சைக்கிளைத் திருத்தி இலவசமாய்க் குடுக்கிற 'பைக் புறஜெக்ற்' எண்ட அமைப்பு 2013 இல லண்டனில தொடங்கினது. தெரியாதவைக்குச் சொல்லுங்கோ.

காசைவிடப் பெரிய தடை எங்கட வெக்கம். "இன்னும் கார் எடுக்கேல்லையோ?" எண்டு கலியாண வீட்டில கேப்பினம். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடைக்குள்ள பெற்றோல் இல்லாமல் யாழ்ப்பாணத்தையே சைக்கிளில இழுத்த சனம் நாங்கள். டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டனாங்கள். டொக்டரும் வாத்தியாரும் சைக்கிளிலதான் போனவை, ஆரும் மதிப்புக் குறைஞ்சுபோகேல்லை. இஞ்ச வந்து அஞ்சு நிமிசத் தூரத்துக் கோயிலுக்கும் கார், பிறகு சீனி வருத்தத்துக்குக் குளிசை.

என்ர மனுசி ஊரில ரியூசனுக்கு லேடீஸ் சைக்கிளில பறந்தவ. இஞ்ச வந்து இருபது வருசம் ஏறேல்லை. "பார் வைச்ச சைக்கிளில நான் ஏறமாட்டன்" எண்டா. போன மாசம் என்ர சைக்கிளின்ர சீற்றை நல்லாய்ப் பதிச்சு, களுசானோட கிறீன்வேக்குக் கூட்டிக்கொண்டு போனன். முதல் கொஞ்சத் தூரம் தள்ளாடினா. நான் பின்னால கரியரைப் பிடிச்சுக்கொண்டு ஓடினன். பிறகு என்னால ஓடேலாமல் போச்சுது, அவ நிக்காமல் போட்டா.

இப்ப தம்பிக்குச் சொன்ன கதையைக் கொஞ்சம் மாத்தவேணும். ஒரு சைக்கிள் மூண்டு வேலைக்குக் காணும். ஆனால் எங்கட வீட்டில ரெண்டாவது ஒண்டு தேடுறம்.