ஹெரால்டுக்கு எதற்கு 15 அங்குல அலாய்?

பழைய கார் கண்காட்சிக்குப் போனால் இப்போதெல்லாம் எனக்குச் சக்கரத்தைப் பார்த்ததும்தான் கோபம் வருகிறது. பெயிண்டு அசல் நிறம். சீட் உறை அசல். ஹாரன் பட்டனைக்கூட இங்கிலாந்திலிருந்து வரவழைத்திருப்பார்கள். குனிந்து பார்த்தால், நேற்று வந்த காரின் 15 அங்குல அலாய் வீல், அதில் ரப்பர் வளையல் மாட்டின மாதிரி ஒரு டயர். கேட்டால், "லுக்கா இருக்குல்ல சார்?" என்கிறார்கள்.

லுக்கைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. அவரவர் கண், அவரவர் காசு. அந்தச் சக்கரம் கழன்று ஓடினால் அடிபடப் போவது ரோட்டில் போகிற மூன்றாவது ஆள் என்பதால்தான் எழுதுகிறேன்.

நான் சொல்வது ஸ்டாண்டர்டு ஹெரால்டை. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான், 1961-லிருந்து நம் சென்னையில் தயாரானது. என்னிடம் இருப்பது நாலு கதவு மார்க் 3. போக்குவரத்துக் கழகப் பணிமனையில் முப்பத்தோரு வருஷம் இருந்தவன் நான், அதில் பாதிக்கு மேல் டயர் செக்‌ஷன். வீல் நட்டு லூசானால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஹெரால்டின் ஹப்பில் நாலு ஸ்டட். அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் மூன்றே முக்கால் அங்குலம், அதாவது 95.25 மில்லிமீட்டர். பி.சி.டி. என்கிறார்களே, அது இதுதான். இன்று கடையில் நாலு ஓட்டை அலாய் கேட்டால் அதிகம் கிடைப்பது 100 மில்லிமீட்டர் வட்டம். வித்தியாசத்தைப் பாதியாக்கினால், ஒவ்வொரு ஓட்டையும் ஸ்டட்டை விட்டு ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும். "இவ்வளவுதானே சார், அரம் போட்டு ஓட்டையை உள்பக்கம் இழுத்துக்கலாம்" என்பார் கடைக்காரர். இழுத்துவிடலாம்தான். ஆனால் நட்டின் கூம்பு முனை உட்கார வட்டமான குழி வேண்டாமா? ஓட்டை நீள்வட்டமானால் நட்டு ஒரு ஓரத்தில் மட்டும் பிடிக்கும். அலுமினியம் மெத்தென்ற உலோகம், அந்த ஓரம் நசுங்கும். நசுங்கினால் இறுக்கம் போகும். ஸ்டட்டோ வெறும் 3/8 அங்குலம். சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பது நட்டின் இறுக்கம்தான், அது போனபின் மிச்சமிருப்பது அந்த நாலு சின்ன ஸ்டட் மட்டுமே.

"வெளி விட்டம் ஒண்ணுதான் சார், ஸ்பீடாமீட்டர்கூட மாறாது" என்று இன்னொரு வாதம். இது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். 195/50 ஆர் 15 டயரின் உயரம் 576 மில்லிமீட்டர், 155/80 ஆர் 13-இன் உயரம் 578. ஆனால் அகலம்? ஹெரால்டுக்கு முதலில் வந்தது 5.20-13 டயர், மூன்றரை அங்குல டிஸ்க்கில். அதற்குச் சமமான ரேடியல் 145. அங்கே 195-ஐத் திணித்தால் 50 மில்லிமீட்டர் கூடுதல் அகலம். 25 அடி வட்டத்துக்குள் திரும்புகிற வண்டி இது, அந்தக் காலத்தில் டாக்ஸிக்காரர்கூட வாயைப் பிளப்பார். அகல டயர் போட்டால் முழுசாகத் திருப்பும்போது சேசிஸில் உரசும். உரசாமல் இருக்க ஸ்பேசர் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுவார்கள். அங்கேதான் அடுத்த ஆபத்து.

சக்கரம் வெளியே போகப் போக, முன்பக்க ஸ்டப் ஆக்ஸிலுக்கும் பேரிங்குக்கும் நெம்புகோல் மாதிரி சுமை ஏறும். இந்தக் குடும்ப வண்டிகளின் ஸ்டப் ஆக்ஸில் ஒன்றும் பீமன் இல்லை. அதற்குக் கீழே டிரன்னியன் என்று ஒரு மரையுள்ள வெண்கலத் துண்டு. அதற்குக் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும், நம் ஊரில் கிரீஸ் அடித்தே பழக்கம். உள்ளே துருப்பிடித்து மரைத் தண்டு உடைந்தால் முன்சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். ஐம்பது வயது தாண்டிய அந்தத் தண்டின் மேலா இவ்வளவு பாரம் ஏற்றுவது?

பின்பக்கமும் சும்மா இல்லை. ஸ்விங் ஆக்ஸில். பள்ளம் மேட்டில் சக்கரம் ஏறி இறங்கும்போது சாய்மானம் மாறிக்கொண்டே இருக்கும். உயரமான, ஒல்லியான டயர் அதைத் தாங்கிக்கொள்ளும். தட்டையான அகல டயர் ஓரத்தில் மட்டும் நின்று தேயும். அதன் பிடிமானம் கூடக் கூட, வேகமாகத் திரும்பும்போது பின்பக்கம் எம்பி, சக்கரம் உள்ளே மடிகிற அபாயமும் கூடும்.

அதற்காக அலாயே கூடாது என்று சொல்கிற மடிசஞ்சி இல்லை நான். மினிலைட் பாணியில், 13 அங்குலத்தில், ஐந்தரை அங்குல அகலத்தில், இதே மூன்றே முக்கால் அங்குல பி.சி.டி.யில் டிரையம்புக்கென்றே செய்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டும். விலை வலிக்கும். பெயிண்டுக்கு லட்சம் கொட்டியவர் இதற்கு மட்டும் அழுவது ஏன்? வாங்கினால் அதற்கான நட்டையும் சேர்த்தே வாங்குங்கள், மாட்டி எண்பது கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி இறுக்குங்கள். வரவழைக்க முடியாதவருக்கு அசல் இரும்பு டிஸ்க்கே போதும். நெளிவு பார்த்து, துரு சுரண்டி, சில்வர் அடித்தால் எந்த அலாய்க்கும் இளைத்ததில்லை.

டயருக்கு அலையவே வேண்டாம். பழைய வேகன் ஆருக்குப் போடும் 145/80 ஆர் 13 எந்தத் தெருமுனைக் கடையிலும் இருக்கிறது. பழைய கிராஸ் பிளைதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களோடும் எனக்கு ஒத்துவராது, மழையில் ஒரு தரம் பிரேக் அடித்துப் பார்க்கட்டும். ஆனால் முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ் பிளை என்று கலந்து மட்டும் போடாதீர்கள், பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும்.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். நம் வண்டிகள் மாதத்துக்கு இரண்டு தரம் கோயிலுக்குப் போய் வருபவை, பட்டன் தேயவே தேயாது, ரப்பர்தான் கல்லாகிவிடும். போன மாதம் என் நாலு டயரையும் மாற்றினேன். கழற்றிப் போட்டதை எடை போட வந்தவர் பட்டனைத் தடவிப் பார்த்து, "புதுசு மாதிரி இருக்கே சார், இதை ஏன் தூக்கிப் போடறீங்க?" என்றார். அவை பன்னிரண்டு வருஷத்து டயர்கள்.