மேளத்துக்கு மெஷின், பிள்ளைகளுக்குத் திட்டு

பதிவு கொஞ்சம் நீளம். வர்ற ஞாயிற்றுக்கிழமை ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வரப்போற உறுப்பினர்களாவது தயவுசெய்து கடைசி வரைக்கும் படிங்க. நான் செயலவையில் இல்லை. தொண்டர் மட்டும்தான். இது என் சொந்தக் கருத்து, நிர்வாகத்தின் கருத்து இல்லை.

நம்ம கோயில் மித்ராவின் தர்ம மடானி உதவிக்கு விண்ணப்பம் போட்டிருக்கு. 1,000 கோயில்களுக்குத் தலா 20,000 வெள்ளி என்று 2025-இல் அரசாங்கம் அறிவித்த திட்டம் அது. கோயில் பூஜை நடக்கிற இடமா மட்டும் இல்லாம சமூக மையமாகவும் இருக்கணும் என்று சொல்லித்தான் கொடுக்கிறாங்க. பணம் இன்னும் கைக்கு வரலை. அதுக்குள்ள வாட்ஸ்அப் குழுவில் செலவுப் பட்டியல் ஓடுது. முன்வாசலுக்கு எல்.இ.டி. திரை. புதுசா ஒலிபெருக்கி. திருவிழாவுக்குப் பெரிய கூடாரம். சமூக மையத்துக்கும் எல்.இ.டி. திரைக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு இன்னும் விளங்கலை.

என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணு. அந்தப் பணம் கிடைச்சாலும் கிடைக்காட்டியும், நம்ம கோயிலில் நாதஸ்வரம், தவில், தேவாரம் சொல்லிக் கொடுக்கிற வகுப்பு இந்த வருஷமே தொடங்கணும். அதுக்கு வருஷக் கணக்கில் தனியா ஒரு வரி இருக்கணும். மீதி எல்லாம் பிறகு பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீங்க. சாயந்திர பூஜையில் தீபாராதனை காட்டும்போது கண்ணை மூடிக் கும்பிடுறோமே, அப்ப காதில் விழறது என்ன? மோட்டார். சுவிட்சைத் தட்டினா மணியும் மேளமும் சேர்ந்து அடிக்கிற அந்த மெஷின். காலத்துக்கு ஏத்த தாளம் கிடையாது, நடை கிடையாது, எந்த சாமிக்கும் ஒரே டங்கு டங்கு. நான் ஃபேக்டரியில் வேலை செய்யறவன். நாள் பூரா மெஷின் சத்தம் கேட்டுட்டு கோயிலுக்கு வந்தா இங்கயும் மெஷின். ஆள் இல்லாத இடத்தில் மெஷின் போடறது எங்க வேலையில் சரி. சாமிக்கு முன்னாடி ஆள் இல்லைன்னா அது வெட்கப்பட வேண்டிய விஷயம்.

திருவிழா பத்து நாளும் மெஷின் போட முடியாது. அதனால இந்தியாவிலிருந்து நாதஸ்வரக்காரர், தவில்காரர் வர்றாங்க. நான் அவங்களைக் குறை சொல்லலை. பெண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு வந்து, காலை அஞ்சு மணிக்கு எழுந்து வாசிக்கிற மனுஷங்க. என் கேள்வி நமக்கு. இந்த ஊரில் கோயில் கட்டி எத்தனை தலைமுறை ஆச்சு? நாலு கும்பாபிஷேகம் பார்த்த கோயில் நம்மது. கோபுரத்துக்கு எத்தனை முறை வர்ணம் அடிச்சோம் என்று கணக்கு இருக்கு. ஒரு நாதஸ்வரப் பையனை உருவாக்கினோமா? ஒருத்தனைக் கூட இல்லை.

அங்கிருந்து வர்றவங்க எப்படி உருவானாங்கன்னு யாராவது யோசிச்சோமா? பரம்பரையா வீட்டில் கத்துக்கிட்டவங்க உண்டு. ஆனா தமிழ்நாட்டில் அரசாங்கமே 17 மாவட்ட இசைப்பள்ளிகள் நடத்துது. மூணு வருஷப் படிப்பு. நாதஸ்வரம், தவில், தேவாரம் எல்லாம் பாடம். பழனியில் கோயிலே நாதஸ்வர, தவில் பள்ளி வைத்து நடத்துது. அதாவது, அங்க மக்கள் வரிப்பணமும் உண்டியல் பணமும் செலவு செய்து ஒரு பையனை ஆளாக்குது. நாம ஏஜெண்டுக்கு ஃபோன் போட்டு, பெர்மிட் எடுத்து, டிக்கெட் போட்டு அழைத்து வர்றோம். அதுக்கும் பணம் போகுது. ஆனா திருவிழா முடிஞ்சதும் அந்த வித்தை விமானம் ஏறிப் போயிடுது. அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து.

எங்க ஃபேக்டரி மாதிரி இடத்தில் 10 உள்ளூர் தொழிலாளியோ அதுக்கு மேலயோ இருந்தா, சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. லெவியா கட்டணும் என்று சட்டம் இருக்கு. எதுக்கு? தொழிலாளிக்குப் பயிற்சி கொடுக்க. லாபத்துக்கு ஓடுற முதலாளிக்கே அந்தக் கட்டாயம். நம்ம கோயில் வரவு செலவுக் கணக்கை எடுத்துப் பாருங்க. பூ, எண்ணெய், மின்சாரம், அன்னதானம், பந்தல், மாலை மரியாதை எல்லாம் இருக்கும். பயிற்சிக்கு எவ்வளவு? அப்படி ஒரு வரியே கிடையாது.

இப்போ உறுமி மேளப் பையன்கள் விஷயத்துக்கு வர்றேன். இதை எழுதினா சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் இந்தப் பிள்ளைகளைத்தான் திட்டறோம். சினிமா பாட்டு அடிக்கிறாங்க, முடி சரியில்லை, சட்டை சரியில்லை, கேங்கு, அது இது. சினிமா பாட்டு அடிக்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. காவடி பக்கத்தில் குத்துப் பாட்டு அடிச்சா நானே போய் நிறுத்தச் சொல்லியிருக்கேன். ஆனா கொஞ்சம் யோசிங்க. அந்தப் பிள்ளைகளுக்கு உறுமி யார் வாங்கிக் கொடுத்தா? அவங்களே காசு போட்டு வாங்கினாங்க. யார் சொல்லிக் கொடுத்தா? அண்ணன்மார்களைப் பார்த்துப் பார்த்து அவங்களே கத்துக்கிட்டாங்க. எங்க பழகறாங்க? ஃபிளாட்டுக்குக் கீழ கார் நிறுத்தற இடத்தில். அங்கயும் சத்தம்னு புகார் போகுது. நம்ம மண்டபம் வாரத்தில் நாலு நாள் இருட்டா பூட்டிக் கிடக்கு.

ஒரு வெள்ளி உதவி இல்லாம, ஒரு வாத்தியார் இல்லாம, தைப்பூசத்தில் மைல் கணக்கில் நடந்துகிட்டே தாளம் தப்பாம அடிக்கிற பிள்ளைகள் இவங்க. இவங்களுக்குப் பொறுமை இல்லை, கட்டுப்பாடு இல்லைன்னு சொல்றவங்க ஒரு தடவை அந்த உறுமியைத் தோளில் மாட்டிப் பார்க்கட்டும். என்ன அடிக்கலாம், எதை அடிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்க ஆள் வைக்கலை. தெரியாததை அடிச்சா மட்டும் மைக்கில் பேரைச் சொல்லித் திட்டறோம்.

சீன சமூகத்தைப் பாருங்க. 24 பருவ முரசு என்று ஒண்ணு இருக்கு, நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. சீனர்களின் விவசாய நாட்காட்டியில் உள்ள 24 பருவத்துக்கு ஆளுக்கொரு முரசு. இது சீனாவிலிருந்து வந்த பழைய கலை என்று பல பேர் நினைக்கிறாங்க. இல்லை. 1988-இல் ஜொகூர் பாருவில், ஒரு இசை ஆசிரியரும் ஒரு கவிஞரும் சேர்ந்து உருவாக்கினது. ஃபூன் இயூ உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள்தான் அடிச்சாங்க. 2009-இல் அது நம்ம நாட்டின் தேசிய மரபுச் சொத்தா அறிவிக்கப்பட்டது. இருபத்தோரு வருஷத்தில்! முரசு அடிக்கிற பதினாறு வயசுப் பையனை அவங்க பள்ளிக்கூடத்துக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. நாம மேளம் அடிக்கிற பதினாறு வயசுப் பையனைக் கோயில் கேட்டுக்கு வெளிய நிறுத்தறோம்.

பள்ளிக்கூடம் பத்தியும் சொல்லணும், ஏன்னா எல்லாப் பாரத்தையும் கோயில் தலையில் வைக்க முடியாது. ஆரம்பப்பள்ளியில் இசை ஒரு பாடமா இருக்கு. ஆனா என் பிள்ளை படிச்ச காலத்தில் அந்த நேரத்தை எடுத்து கணிதம் செய்ய வச்சாங்க. ரெக்கார்டர் வாங்கச் சொன்னாங்க, வாங்கினோம், அலமாரியில் இருக்கு. இடைநிலைப்பள்ளிக்குப் போனா ஓவியம் அல்லது இசை, ரெண்டில் ஒண்ணு. இசை ஆசிரியர் இருக்கிற பள்ளியில்தான் இசை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதோட கதை முடிஞ்சது. வசதி உள்ளவங்க பியானோ கிளாஸ், வயலின் கிளாஸ் அனுப்பலாம். கோலாலம்பூர் பக்கம் இருந்தா 1981-இல் தொடங்கின டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் மாதிரி இடம் இருக்கு. தாமானில் ரெண்டு ஷிப்ட் வேலை செய்யற அப்பா அம்மாவின் பிள்ளை எங்க போகும்?

இந்த நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கு. மித்ராவுக்கு வருஷத்துக்கு 100 மில்லியன் வெள்ளி என்று பட்ஜெட்டில் பல தடவை வாசிச்சாங்க. அந்தப் பணத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற அஞ்சு பள்ளிக்குச் சேர்த்து ஒரு இசை ஆசிரியரை நிரந்தரமா வைக்கச் சொல்லிக் கேட்போம். நாமும் வரி கட்டறோம். கேட்கறது பிச்சை இல்லை. அடுத்த தேர்தலுக்கு மாலை வாங்க வர்ற ஒய்.பி.கிட்ட கோயில் வளைவுக்கு மானியம் கேட்கிற பழக்கத்தை விட்டுட்டு இதைக் கேளுங்க. வளைவு கேட்டா அவருக்கும் சுலபம், பேர் பொறிச்சுப் படம் எடுத்துக்கலாம். வாத்தியார் சம்பளத்தில் பேர் பொறிக்க முடியாது, அதான் யாரும் கொடுக்க மாட்டேங்கிறாங்க.

குழுவில் வந்த மறுப்புகளுக்கும் பதில் சொல்லிடறேன்.

"பிள்ளைங்க வர மாட்டாங்க, எல்லாம் ஃபோன்." வகுப்பே வைக்காம எப்படித் தெரியும்? உறுமிக்கு வர்றாங்களே, அவங்க கையிலயும் ஃபோன் இருக்கு.

"நாதஸ்வரம் எல்லாரும் வாசிக்கக் கூடாது, அது ஒரு குறிப்பிட்ட ஆளுங்க வாசிக்கிறது." இதை ஒரு பெரியவர் குரல் பதிவில் சொன்னார். வயசுக்கு மரியாதை கொடுத்து அதிகம் பேசலை. ஆனா இந்தப் பேச்சு நம்ம கோயிலில் இனி வேண்டாம். தோட்டத்தில் ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவங்க நாம. பெண் பிள்ளைகளையும் சேர்க்கணும். மதுரை பொன்னுத்தாய் என்ற அம்மா நாதஸ்வரத்தில் பேரோடு வாழ்ந்தவங்க.

"ஆளுங்க கிடைக்க மாட்டாங்க." இப்போ திருவிழாவுக்கு வர்றவங்களையே வகுப்பு எடுக்கச் சொல்லலாம். ஆனா பெர்மிட் விதியில் அதுக்கு இடம் இருக்கான்னு செயலாளர் இமிகிரேஷனில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கணும். இடம் இல்லைன்னா கல்யாணத்துக்கு வாசிக்கப் போற உள்ளூர் கலைஞர்கள் இருக்காங்க, எண்ணிக்கை குறைவுதான். அவங்களைக் கேட்போம்.

"பணம்?" வாரத்தில் ரெண்டு நாள், ரெண்டு ரெண்டு மணி நேரம். வாத்தியாருக்கு மாசம் 800 வெள்ளி வச்சா வருஷத்துக்கு 9,600. அந்த 20,000 கிடைச்சா மீதி 10,400-இல் வாத்தியம் வாங்கலாம். கிடைக்கலைன்னா, ஒரு திருவிழா இரவு வாணவேடிக்கையைக் குறைங்க. உபயக்காரர்களையும் கேட்கிறேன், ஒரு நாள் உபயத்துக்குப் பதிலா ஒரு மாச வாத்தியார் சம்பளத்தை ஏத்துக்குங்க. ரசீது உங்க குடும்பப் பேரிலேயே போடச் சொல்றேன்.

ஒரு விஷயத்தில் ஏமாற வேண்டாம். தவிலும் நாதஸ்வரமும் ஆறு மாசத்தில் வராது. முதல் வருஷம் காது கிழியும். சீவாளியில் காத்துதான் வரும், ஸ்வரம் வராது. சில பிள்ளைகள் நடுவிலேயே நின்னுடுவாங்க. பத்துப் பேரில் ரெண்டு பேர் நின்னாலும் எனக்கு அது லாபம். ஆனா அந்த ரெண்டு பேருக்கு கோயில் ஒரு வாக்குறுதி கொடுக்கணும்: மூணாவது வருஷத்திலிருந்து சாயந்திர பூஜை உங்களுடையது, திருவிழாவில் பெரிய வித்வான் பக்கத்தில் உங்களுக்கும் இடம், சம்பளமும் உண்டு. சேவைன்னு சொல்லி சும்மா வாசிக்க வைக்கக் கூடாது. குருக்களுக்குச் சம்பளம், எலக்ட்ரீஷியனுக்குக் கூலி, மேளக்காரப் பிள்ளைக்கு மட்டும் ஆசீர்வாதமா?

உறுமிப் பிள்ளைகளுக்கும் மண்டபத்தைத் திறந்து விடணும். வியாழன், சனி இரவு ஒன்பது மணி வரைக்கும். சாவியை நான் பொறுப்பெடுத்துக்கிறேன், ஓ.டி. இல்லாத நாளில்.

தீர்மானத்தை எழுதி செயலாளரிடம் கொடுத்தாச்சு, முன்மொழிய ஆள் இருக்கு, வழிமொழிய ஒருத்தர் வேணும். கூட்டம் காலை பத்து மணிக்கு. போன வருஷம் கோரம் சேராம அரை மணி நேரம் காத்திருந்தோம். சந்தா கட்டாதவங்களுக்கு ஓட்டு கிடையாது, அதனால சனிக்கிழமைக்குள்ள அலுவலகத்தில் கட்டிடுங்க. வரும்போது வீட்டில் இருக்கிற பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க. ஓட்டு இல்லாட்டியும் பரவாயில்லை, பின்னாடி உட்காரட்டும்.