பாரிஸ் புறநகரில் ஒரு வீடு

 

புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் 1962-ஆம் ஆண்டு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டோர் பலர். அவர்களுடைய வழித்தோன்றல்களில் கணிசமானோர் இன்று பாரிஸ் நகரைச் சூழ்ந்த ஈல்-தெ-பிரான்ஸ் மாநிலத்தில் வாழ்கின்றனர். “வாடகை கொடுத்தே காலம் கழிகிறதே, சொந்தமாக ஒரு வீடு வாங்கலாமா?” என்பது அக்குடும்பங்களின் நெடுநாளைய கேள்வி. ஊரிலுள்ள நகையும் நிலமும் இதற்காகவே விற்கப்படுவதால், இங்குள்ளோரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

பாரிஸ் மாநகரில் ஒரு சதுர மீட்டரின் சராசரி விலை 2019-ல் 10,000 யூரோவை எட்டியது. 2021-ல் ஒரு சதவீத அளவில் இருந்த வங்கி வட்டி 2023 இறுதியில் நான்கு சதவீதத்தைக் கடக்கவே, வாங்குவோர் குறைந்து விலையும் இறங்கிற்று. புறநகரங்களில், குறிப்பாகச் சேன்-சேந்தெனி மாவட்டத்தில், விலை மாநகரைவிட வெகுவாகக் குறைவு.

ஆனால் மலிவு என்ற ஒன்றை மட்டும் கண்டு மயங்கிவிடாதீர்கள். அடுக்குமாடிக் கட்டடத்தில் வீடு வாங்குவோர் அதன் பொதுச் செலவையும் ஏற்கின்றனர். கிரிஞ்ஞி, கிளிஷி-சு-புவா ஆகிய ஊர்களிலுள்ள பெருங்குடியிருப்புகள் சில, பலர் பங்குத் தொகை செலுத்தாமையால் கடனில் மூழ்கிச் சீரழிந்தன. எனவே, உரிமையாளர் கூட்டங்களின் கடந்த மூன்றாண்டு நடவடிக்கைக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அவற்றைத் தருவது விற்பவரின் கடமை. மின்தூக்கி பழுதோ, கூரை வேலையோ அதில் தெரிந்துவிடும்.

முன் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட பின்னரும், வாங்குபவர் காரணம் கூறாமலே விலகிக்கொள்ளப் பத்து நாட்கள் அவகாசம் உண்டு. வங்கிக் கடனை நம்பி வாங்குவோருக்கு, கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்கும். பழைய வீடாயின் விலைக்கு மேல் ஏழெட்டு சதவீதம் பத்திரச் செலவாகும் என்பதையும் மறவாதீர்கள். அதில் பெரும்பகுதி அரசின் வரியே.

இனி, நம் நெஞ்சை உறுத்தும் கேள்விக்கு வருவோம். வட்டி ஹராம் என்பதில் ஐயமில்லை. ஐரோப்பிய ஃபத்வா ஆய்வு மன்றம் 1999-ல், வேறு வழியற்றோர் குடியிருக்கும் வீட்டிற்காக மட்டும் வங்கிக் கடன் பெறலாமென நிபந்தனைகளுடன் கூறியது. அது பெரும்பான்மை முடிவேயன்றி ஒருமித்த முடிவன்று. அதனை ஏற்காத உலமாக்கள் பலர். பொருளை வாங்கி, இலாபம் வைத்துத் தவணையில் விற்கும் முராபஹா முறைக்கு 2009-ல் பிரெஞ்சு வரித்துறை வழி செய்தது. ஆயினும் அம்முறையில் வீடு தருவோர் மிகச் சிலரே. ஆகவே அண்டை வீட்டார் செய்ததைப் பார்த்துச் செய்யாமல், உங்கள் நிலைமையை ஒளிக்காமல் எடுத்துரைத்துத் தக்க ஆலிமிடம் தெளிவு பெறுங்கள்.

வட்டியைத் தவிர்க்க விரும்புவோர் உடன்பிறந்தாரிடம் கைமாற்று வாங்குவர். நல்ல வழிதான். ஆனால் “அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு?” என்று விட்டுவிடுவதிலேதான் பின்னாளில் உறவு முறிகிறது. பத்திரத்தில் பெயர் உள்ளவரே உரிமையாளர். பணம் தந்த தம்பிக்குச் சட்டப்படி ஓர் அறையும் சொந்தமில்லை. 1,500 யூரோவுக்கு மேற்பட்ட கடனை மெய்ப்பிக்க எழுத்துச் சான்று வேண்டுமென்பது பிரெஞ்சுச் சட்டம். 5,000 யூரோவைத் தாண்டினால் வரித்துறைக்கும் தெரிவிக்கவேண்டும்.

சட்டம் பின்னர் வந்தது. கடனை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் நமக்கு முன்பே பணித்திருக்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் அதுவே என்பதைச் சிந்தியுங்கள். எழுதுவது ஐயத்தின் அடையாளமன்று, அமானிதத்தின் காவல். கொடுத்தவர் மறைந்தாலும் அவருடைய பிள்ளைகளின் உரிமை அந்தத் தாளில் நிலைத்திருக்கும்.

சுவர் எழும்பும்போது சொந்தம் இடியாதிருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன்.