வள்ளி எங்கே?

நாடகத்தின்மேல் நமக்கிருந்த பற்று அற்றதற்குக் காரணம் நாடகமன்று, நடிகரின் பெயரே. 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’, ஸ்பெஷல் நாடகமாகிப் பட்ட பாட்டைப் பாருங்கள். ஊருக்கொருவராய் அமர்த்தப்பட்ட ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஒத்திகையின்றி அன்றிரவே கூடுவர். தர்க்கம் தொடங்கியதும் வேடனும் இல்லை, வள்ளியும் இல்லை. எவர் எவரை மடக்கினார் என்பதே பேச்சு. கிட்டப்பாவும் அவரை மணந்த சுந்தராம்பாளும் மேடையேறியபோது சபையோர் கண்டது முருகனையும் வள்ளியையுமா? புகழ்பெற்ற தம்பதிகளையன்றோ கண்டனர்! அவர்தம் இசைக்கு ஈடில்லை. அதனை யாம் மறுக்கவில்லை. ஆனால் ‘ஒன்ஸ்மோர்’ கூச்சல் எழுந்தால் அதே பாட்டு மீண்டும் ஒலிக்கும். கதை ஓரத்தில் காத்துக் கிடக்கும். 1933-இல் கிட்டப்பா இளமையிலேயே மறைந்தார், கூச்சல் மறையவில்லை. கடல்கடந்து மலாயா வந்த மேடைகளையும் அது விடவில்லை. பால்மரம் வெட்டிய காசைக் கொடுத்துக் கொட்டகையில் அமர்ந்த தோட்டத்துத் தமிழன், வள்ளியைக் காணாமலே லயத்துக்குத் திரும்பினான்.